குழலுக்கு உள்ளே, குழலுக்கு வெளியே: துப்பாக்கி ஸ்கோப்பை வீட்டில் எதுவரை பழுதுபார்க்கலாம்?

துப்பாக்கியின் மேல் பொருத்தும் ஸ்கோப்பை வீட்டிலேயே பழுதுபார்க்க முடியுமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். அதைத் தொடவே கூடாது, செய்த நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். சில லென்ஸுகளும் ஒரு குழாயும் நாலைந்து திருகுகளும்தானே, பொறுமை உள்ளவர் எவரும் பிரித்து மாட்டலாம் என்பார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் இதைக் கைத்திறன் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொள்கின்றன. எல்லைக்கோட்டைத் தீர்மானிப்பது வேறொன்று என்பது இக்கட்டுரையின் வாதம். குழலுக்குள் உலர்ந்த வாயு அடைக்கப்பட்டிருக்கிறதா, இல்லையா என்பதே அது. வாயு அடைத்த ஸ்கோப்பில் வீட்டு வேலை கண்ணாடியின் வெளிமுகத்தோடும், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்டோடும் நின்றுவிட வேண்டும். அதே சமயம், அந்த வெளிப்புற வேலை பலர் எண்ணுவதைவிட விரிவானது. ஸ்கோப் கெட்டுவிட்டது என்று கைவிடப்படும் கருவிகளில் கணிசமானவை உண்மையில் கெட்டிருப்பதில்லை. அவற்றின் குறை வெளியே இருக்கிறது; அதை வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும்.

இந்தக் கேள்விக்கு எல்லாக் காலத்துக்கும் ஒரே பதில் இருந்ததில்லை. 1840-களில் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் துப்பாக்கி செய்துவந்த மார்கன் ஜேம்ஸ், ஜான் சாப்மன் என்பவரின் யோசனைகளைக் கொண்டு ஸ்கோப்புகள் செய்தார். அமெரிக்கத் துப்பாக்கி பற்றிச் சாப்மன் எழுதிய நூல் 1848-இல் வெளிவந்தது. 1855 முதல் சிராக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் செய்த ஸ்கோப்புகளில் நிறப்பிழை திருத்திய லென்ஸுகள் இடம்பெற்றன. இவை ஏறத்தாழத் துப்பாக்கிக் குழல் அளவுக்கே நீண்ட, மெல்லிய குழாய்கள். குறியைத் திருத்தும் ஏற்பாடு முழுவதும் வெளியே, மவுண்டில் இருந்தது. திருகைத் திருப்பினால் குழாய் மொத்தமும் சற்று மேலோ கீழோ சாயும். குழாய்க்குள் குறி திருத்துவதற்கென்று அசையும் உறுப்பு ஏதும் கிடையாது. உள்ளே இருந்ததும் நாம் சுவாசிக்கும் காற்றுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படை ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளில் பொருத்திய, பிட்ஸ்பர்க் ஜான் அனர்ட்டிலின் எட்டு மடங்கு ஸ்கோப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட கருவியை அதன் சொந்தக்காரரோ ஊரில் உள்ள கடிகாரம் பழுதுபார்ப்பவரோ பிரித்துத் துடைத்து மாட்டுவதில் பெரிய தடை இல்லை. இழப்பதற்கு உள்ளே வாயு இல்லை. கலைவதற்கு நுட்பமான பொறியும் இல்லை.

அந்த நிலை இரண்டு கட்டங்களில் மாறியது. 1930-இல் பில் வீவர் என்ற அமெரிக்கர், எளியவரும் வாங்கக்கூடிய விலையில், முக்கால் அங்குலக் குழல் கொண்ட 330 என்ற ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். குறி திருத்தும் ஏற்பாடு குழலுக்கு உள்ளே போய்விட்டது. மவுண்ட் இலகுவானது, விலை குறைந்தது, ஸ்கோப் வேட்டைக்காரர்களிடையே பரவியது. இரண்டாவது கட்டம் ஆரிகான் மாநிலத்தின் போர்ட்லண்டில் நிகழ்ந்தது. மூடுபனி படிந்த ஸ்கோப்பால் மார்கஸ் லியூபோல்ட் ஒரு மானைத் தவறவிட்டதிலிருந்துதான் தங்கள் ஸ்கோப் தொழில் தொடங்கியது என்று லியூபோல்ட் நிறுவனமே தன் வரலாற்றில் சொல்லிக்கொள்கிறது. 1947-இல் அதன் முதல் ஸ்கோப் சந்தைக்கு வந்தது. உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, ஈரமற்ற நைட்ரஜனை நிரப்பி, ரப்பர் வளையங்களால் இறுக மூடும் முறை அதன் பிறகு தொழில் முழுவதற்கும் பொதுவானது. பழுதுபார்க்கும் வேலை வீட்டு மேசையிலிருந்து தொழிற்சாலைக்குப் போனது அந்த மாற்றத்தோடுதான். பயனாளரின் கைகள் திறமை குன்றிப்போய்விடவில்லை. கருவியின் தன்மை மாறிவிட்டது.

இன்றைய ஸ்கோப்பின் உட்புறத்தைக் கொஞ்சம் பார்த்தால் இது விளங்கும். முகப்பு லென்ஸ் தொகுதிக்கும் கண்ணருகே உள்ள லென்ஸ் தொகுதிக்கும் நடுவில், தலைகீழ் பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸுகளைத் தாங்கிய ஓர் உள்குழல் இருக்கிறது. அதன் ஒரு முனை கீல்போன்ற அமைப்பில் நிற்கிறது. மறுமுனையை ஒரு வில் சுருளோ தகட்டு வில்லோ ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கிறது. வெளியே நாம் திருப்பும் குமிழ், அந்த வில்லின் எதிர்ப்பை மீறி உள்குழலைத் தள்ளுகிறது. ஒரு சொடுக்கு என்பது 100 மீட்டர் தூரத்தில் 1 சென்டிமீட்டர் என்று குறிக்கப்பட்டிருந்தால், அந்த ஒரு சொடுக்கில் உள்குழல் நகர்வது மில்லிமீட்டரின் சிறு பின்னம்தான். லென்ஸுகள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு இடைவெளியில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் தொழிற்சாலையில் கருவிகொண்டு அளந்து, பசைபோட்டுப் பூட்டப்பட்டவை. முகப்பு லென்ஸைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே இடமாறு தோற்றம் திருத்தப்பட்ட தூரம் மாறிவிடும். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளில் அந்தத் தூரம் பொதுவாக 100 கெஜம் அல்லது 150 கெஜமாகவும், சிறு துப்பாக்கிகளுக்கானவற்றில் 50 கெஜமாகவும் வைக்கப்படுகிறது. பிரித்து மாட்டியபின் படம் தெளிவாகத் தெரிகிறதே என்று திருப்தி அடைபவருக்கு இந்த மாற்றம் கண்ணுக்குப் புலப்படாது. தலையைச் சற்று அசைத்தால் குறுக்குக்கோடு இலக்கின் மேல் ஊர்வதைக் கவனித்தால்தான் தெரியும்.

ஆனாலும் இந்த நுட்பம்கூட இரண்டாம்பட்சமே. பொறுமையும் நல்ல சாவிகளும் உள்ள ஒருவர், ஒவ்வோர் உறுப்பிலும் அடையாளம் இட்டு, படம் எடுத்து, பழைய இடத்திலேயே திரும்ப வைத்துவிட முடியும் என்றே வைத்துக்கொள்வோம். அவரால் திரும்ப வைக்க முடியாதது அந்த உலர்ந்த வாயு. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரணச் சென்னை மாலையை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 24 கிராம் நீராவி இருக்கிறது. 20 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய உச்ச அளவு 17 கிராம்தான். அந்த மாலையில் ஒருவர் தம் ஸ்கோப்பைத் திறந்து, துடைத்து, கச்சிதமாக மூடிவிட்டால், அவர் உள்ளே அடைத்தது 26 டிகிரிக்குக் கீழே போனாலே பனித்துவிடும் காற்றை. ஏசி போட்ட அறையோ, கொடைக்கானலின் விடியற்காலையோ போதும். கண்ணாடியின் உட்புறத்தில், துணி எட்டாத இடத்தில், நீர்த்துளிகள் படியும். அவர் எவ்வளவு இறுக்கமாக மூடினாரோ அவ்வளவுக்கு அந்த ஈரம் வெளியேற வழி இல்லாமல் போகும். நேர்த்தியாகச் செய்த வேலையே தீங்காக முடிகிற இடம் இது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. வெல்டிங் கடைகளிலும் டயர் கடைகளிலும் நைட்ரஜன் கிடைக்கிறதே, அதைக் குமிழின் துளை வழியே செலுத்தி நிரப்பிக்கொள்ளலாமே என்பது அது. நைட்ரஜனுக்குத் தனிப்பட்ட மகிமை எதுவும் இல்லை. நம்மைச் சூழ்ந்த காற்றிலேயே அது 78 விழுக்காடு. ஸ்கோப்புக்குத் தேவை உலர்வு. நைட்ரஜன் அந்த உலர்வைக் கொண்டுவரும் வாகனம் மட்டுமே. ஒருமுறை வாயுவை ஊதிவிட்டால் குழலில் உள்ள காற்று வெளியேறும். ஆனால் குழலின் உட்சுவரிலும் கறுப்பு மேற்பூச்சிலும் மசகிலும் ரப்பரிலும் ஒட்டியிருக்கும் ஈரம் அங்கேயே இருந்து, பிறகு மெல்ல ஆவியாக வெளிவரும். அதனால்தான் தொழிற்சாலைகளில் காற்றை வெற்றிடப் பம்பால் இழுத்து, உலர்ந்த வாயுவை நிரப்பி, வைத்திருந்து, மீண்டும் இழுக்கிறார்கள். சிலிண்டரின் அழுத்தத்தைக் கணிக்காமல் செலுத்தினால் லென்ஸ் முத்திரையே பெயர்ந்துபோகும் அபாயமும் இருக்கிறது. வெற்றிட அறையும் உலர்ந்த வாயுவும் அழுத்தமானியும் வைத்திருப்பவர் செய்யட்டும். அது பட்டறை வேலை, வீட்டு வேலை ஆகாது.

இதோடு சேர்த்து ஒரு விளம்பர வாதத்தையும் பார்த்துவிடலாம். ஆர்கான் அணு நைட்ரஜன் மூலக்கூறைவிடப் பெரியது, ஆகவே கசியாது என்று விற்பனையில் அடிக்கடி சொல்லப்படுகிறது. மூலக்கூறுகள் நுண்துளைகளில் நுழைவதைக் கணிக்க வேதியியலார் பயன்படுத்தும் விட்ட அளவில் ஆர்கான் 3.40 ஆங்ஸ்ட்ராம், நைட்ரஜன் 3.64 ஆங்ஸ்ட்ராம். நீர் மூலக்கூறு சுமார் 2.65 தான். உள்ளிருக்கும் வாயு வெளியேறுவதைவிட வெளியிலிருக்கும் நீராவி ரப்பர் வழியே உள்ளே ஊடுருவுவதே பெரிய ஆபத்து. ஆகவே எந்த வாயு என்பதைவிட, முத்திரை வளையங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. அந்த வளையங்களைக் கெடுப்பவை கொளுத்தும் வெயிலில் காரில் வைப்பது, கரைப்பான்கள், முகப்பு வளையத்தைப் பிடித்துத் திருகுவது. மூன்றும் சொந்தக்காரரின் கையில் இருக்கின்றன.

இனி வெளிப்புற வேலைக்கு வருவோம். ஒரு துப்பாக்கி நேற்றுவரை அடித்த இடத்தில் இன்று அடிக்கவில்லை என்றால், பழி முதலில் ஸ்கோப்பின் மேல் விழுகிறது. பார்க்க விலையுயர்ந்ததாகவும் நுட்பமானதாகவும் இருப்பது அதுதான் என்பதால் இப்படித் தோன்றுகிறது. ஆனால் ஸ்கோப்புக்கும் துப்பாக்கிக்கும் இடையே மவுண்டின் அடித்தகடு, அதைப் பிடிக்கும் திருகுகள், ஸ்கோப்பைத் தழுவும் வளையங்கள், அவற்றின் திருகுகள் எனப் பல இணைப்புகள் இருக்கின்றன. இயந்திரப் பகுதியை மரக்கட்டையோடு பிணைக்கும் திருகுகள் வேறு. ஒவ்வொரு வெடிப்பின் உதைப்பும் இவை அனைத்தையும் அசைக்கிறது. ஆகவே பரிசோதனை வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை அறையைத் திறந்து கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதிசெய்ய வேண்டும். போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. குண்டுகள் அதே அறையில் இருக்கக் கூடாது. இதில் சமரசம் கிடையாது.

திருகுகளின் இறுக்கம் பற்றிய பொதுப்புத்தி பெரும்பாலும் தவறானது. முடிந்த மட்டும் இறுக்குவது நல்லது என்று எண்ணி ஆலன் சாவியை முழு பலத்தோடு திருகுகிறவர்கள் அலுமினியக் குழலைப் பிழிகிறார்கள். பல நிறுவனங்கள் வளையத் திருகுகளுக்குப் பரிந்துரைப்பது சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான். இரண்டு விரலால் சிறு சாவியைத் திருப்பும் அளவு. அதற்கு மேல் போனால் குழல் நெளிந்து, உள்குழல் தாராளமாக அசைய முடியாமல் சிக்கும். குமிழைத் திருப்பினால் உடனே நகராமல், இரண்டு குண்டுகள் சுட்ட அதிர்ச்சியில் திடீரென்று நகரும் ஸ்கோப்புகளில் இந்தக் கோளாறு அடிக்கடி காணப்படுகிறது. பொறி பழுது என்று தோன்றும் அது வளையத்தைத் தளர்த்தியதும் மறைந்துவிடக்கூடும். திருகில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்கு விசை அதிக அழுத்தமாக மாறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்; ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்த்தி, அளவு காட்டும் டார்க் சாவியால் எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றி இறுக்குவதே முறை. பிறகு குழலும் வளையமும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இட்டுவைத்தால், பின்னாளில் குழல் நழுவியிருந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

மவுண்ட் உறுதியாக இருந்தும் ஐயம் தீரவில்லை என்றால், ஒரு குண்டும் சுடாமலேயே ஸ்கோப்பைச் சோதிக்கலாம். துப்பாக்கியை அசையாத பிடியில் பொருத்தி, 50 மீட்டர் தூரத்தில் ஒரு சுவரில் அளவுகோலை நிறுத்தி, குறுக்குக்கோட்டை அதன் ஒரு புள்ளியில் வைக்க வேண்டும். மில்லிரேடியன் அளவில் அமைந்த ஸ்கோப்பானால், 10 மில்லிரேடியன் திருப்பும்போது கோடு 50 சென்டிமீட்டர் நகர வேண்டும். மேலே, வலது பக்கம், கீழே, இடது பக்கம் என்று ஒரு சதுரம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பி வராவிட்டால் உள்ளிருக்கும் வில் தளர்ந்திருக்கிறது, அல்லது உள்குழல் சிக்குகிறது. அந்த ஸ்கோப் பட்டறைக்குப் போக வேண்டியது. எல்லாம் சரியாகத் திரும்பினாலும் குற்றம் முழுவதும் நீங்கிவிடவில்லை. உதைப்பின்போது மட்டும் நழுவும் உறுப்பு அமைதியான மேசையில் அகப்படாது. அப்போது நன்றாக இயங்குகிறது என்று தெரிந்த இன்னொரு ஸ்கோப்பை அதே துப்பாக்கியில் மாட்டிப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு. இந்த நோயறிதல்தான் வீட்டில் செய்யக்கூடிய வேலைகளிலேயே மதிப்புமிக்கது என்பது என் கணிப்பு. எதையும் திறக்காமல், எதையும் இழக்காமல், குறை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரும் இப்படித்தான். குறுக்குக்கோடு மங்கலாக இருந்தால், கண்ணருகே உள்ள வளையம் பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்பத் திருத்தப்படவில்லை என்றே பெரும்பாலும் பொருள். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ (சூரியன் இருக்கும் திசையை ஒருபோதும் பார்க்காமல்) ஓரிரு விநாடி பார்த்து, கோடு உடனே கூர்மையாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் தானே சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும். மூடுபனி விஷயத்திலும் வெளியா உள்ளா என்று பிரித்தறிய வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் கண்ணாடி பனிப்பது எந்தக் கண்ணாடிக்கும் நேர்வது. சில நிமிடங்களில் தானே விலகும், துடைத்தால் போகும். துடைத்தும் போகாத பனி உள்ளே இருக்கிறது, முத்திரை உடைந்திருக்கிறது. அப்படி உடைந்த ஸ்கோப் பகலில் சூடேறும்போது வாயுவை வெளித்தள்ளி, இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். 40 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்கினால் உள் அழுத்தம் 6 விழுக்காடு குறைகிறது. கசிவைக் கண்டுபிடிக்க வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. குமிழி வரும், வெளியே எடுக்கத் தாமதித்தால் குளிரும்போது அதே துளை வழியே தண்ணீரும் உள்ளே போகும். இந்தச் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணாடியைத் துடைப்பதுதான் எல்லோரும் செய்யும் வேலை. எல்லோரும் அளவுக்கு மீறிச் செய்யும் வேலையும் அதுதான். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். பத்து முகங்கள் கொண்ட ஒரு கருவியில் மூன்றில் ஒரு பங்கு ஒளி இப்படியே போய்விடும். 1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா உருவாக்கிய எதிரொளி தடுக்கும் பூச்சு இந்த இழப்பைப் பெரிதும் குறைத்தது. மக்னீசியம் ஃபுளோரைடு பூச்சு ஒரு முகத்தின் இழப்பைச் சுமார் ஒன்றரை விழுக்காட்டுக்கு இறக்கினால், அதே பத்து முகங்கள் வழியே 86 விழுக்காடு ஒளி வந்து சேர்கிறது. அந்தப் பூச்சின் கனம் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் நூற்றுக்கணக்கில் ஒரு பங்கு. தெருத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகள் கண்ணாடியைவிடவே கடினமானது. சட்டை நுனியாலோ வேட்டி முனையாலோ உலர்வாகத் துடைக்கும்போது அந்த மணலே உப்புத்தாளாகிவிடுகிறது. எனவே முதலில் ரப்பர் ஊதியால் காற்றடித்து, பிறகு மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, அதற்கும் மிஞ்சியதை மட்டும் லென்ஸுக்கான திரவமோ தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ ஒரு துளி நனைத்த லென்ஸ் தாளால் எடுக்க வேண்டும். திரவத்தைத் தாளில் விட வேண்டும். கண்ணாடியின் மேல் விட்டால் ஓரத்தில் ஊறி முத்திரை வரை போய்விடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

எப்போது துடைக்க வேண்டும் என்பதில் என் நிலை பலருக்குச் சோம்பலாகத் தோன்றலாம்: படம் கெட்டால்தான் துடைக்க வேண்டும். முகப்பு லென்ஸின் மேல் இருக்கும் சில தூசிகளும் ஒரு சிறு கீறலும் இலக்கின் படத்தில் தெரிவதே இல்லை. அவை குவியும் தளத்திலிருந்து வெகு தொலைவில் இருப்பதால் ஒளியைக் கொஞ்சம் சிதறடிப்பதோடு சரி. அந்தக் கீறல் மனத்தை உறுத்தும் அளவுக்குக் கண்ணை உறுத்தாது. விரல்ரேகை, உப்புக்காற்றுப் படிவு, பூஞ்சை ஆகிய மூன்றுக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது. இவை நாளாக நாளாகப் பூச்சை அரிப்பவை.

பூஞ்சையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் கடற்கரைக்கும் மலைக்காட்டுக்கும் அதுவே முதல் எதிரி. இரண்டாம் உலகப் போரில் நியூகினித் தீவுக் காடுகளில் போரிட்ட படைகளின் தொலைநோக்கிகள் பூஞ்சை படர்ந்து பயனற்றுப் போயின. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. எஸ். டர்னரும் அவரோடு பணியாற்றியவர்களும் இதை ஆராய்ந்தார்கள். மெர்த்தியோலேட் என்ற பாதரசச் சேர்மத்தைக் கருவிகளுக்குள் பயன்படுத்திப் பூஞ்சையைத் தடுக்கும் முறையை 1946-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். பாதரசம் நஞ்சு என்பதால் அந்த மருந்து வீட்டுக்கு ஆகாது. ஈரம்தான் பூஞ்சையின் உயிர். கண்ணாடி மேல் படியும் விரல் எண்ணெயும் தூசியும் அதற்கு உணவாகின்றன. வளர்ந்தபின் அது விடும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும். அரித்த தடத்தை எந்தத் திரவமும் ஆற்றாது. ஆகவே ஸ்கோப்பைத் தோல் உறையிலும் நுரைப்பஞ்சுப் பெட்டியிலும் அடைத்துவைப்பது தவறு. இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைப்பவை. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு மானியும் வைத்து, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் பார்த்துக்கொண்டால் போதும். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம். அரிசி ஈரத்தை மோசமாகவே உறிஞ்சும், அதன் மாவுத்தூள் பூஞ்சைக்கே விருந்தாகும்.

இங்கே வலுவான ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. நிறுவனத்துக்கு அனுப்பு என்ற அறிவுரை அமெரிக்கருக்குப் பொருந்தும். அங்கே லியூபோல்ட், வார்ட்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன, ரசீதுகூடக் கேட்பதில்லை. இந்தியாவில் இருப்பவர் என்ன செய்வார்? துப்பாக்கி ஸ்கோப்புகள் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்கள். அனுப்புவதும் திரும்பப் பெறுவதும் காகித வேலையும் சுங்கமும் நிறைந்த பயணம். விலை குறைந்த ஸ்கோப்புக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து எழும் முடிவு, எல்லாவற்றையும் வீட்டிலேயே பிரிக்கலாம் என்பதாகாது. எந்த ஸ்கோப்பைப் பிரித்தால் இழப்பு இல்லையோ அதைப் பிரிக்கலாம் என்பதே சரியான முடிவு. ஏற்கெனவே முத்திரை உடைந்து, உள்ளே பனித்து, உத்தரவாதமும் இல்லாத மலிவு ஸ்கோப்பில் காப்பாற்ற வாயு எதுவும் மிச்சமில்லை. அதைக்கூட முதலில் சில வாரங்கள் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்துப் பார்க்க வேண்டும். கசிந்த வழியாகவே ஈரம் மெல்ல வெளியேறவும் கூடும். அப்படியும் போகாவிட்டால் திறக்கலாம். திறப்பதானால் மழைக்காலம் தவிர்த்த வறண்ட நாளில், வளையச் சாவிகொண்டு, ஒவ்வொரு லென்ஸின் வரிசையையும் திசையையும் குறித்துக்கொண்டு, சாதாரண மெஷின் எண்ணெயைக் கிட்டேயே சேர்க்காமல் செய்ய வேண்டும். அந்த எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படலமாகப் படியும்.

பழங்கால ஸ்கோப்புகள் வேறு வகை. அவற்றைத் திறக்க முடியும் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். திறக்கும் கைக்கு அறிவும் வேண்டும். பழைய கருவிகளில் குறுக்குக்கோடு மெல்லிய கம்பியாகவோ சிலந்தி இழையாகவோ இருக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது கலிபோர்னியாவில் நேன் சாங்கர் என்ற பெண்மணி சிலந்திகளை வளர்த்து இழை எடுத்து ஒளியியல் கருவிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ரப்பர் ஊதியால் அடிக்கும் காற்றே அந்த இழையை அறுத்துவிடும். இரண்டு லென்ஸுகளை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் பிசின் மஞ்சளித்தோ பிரிந்தோ இருந்தால், மீண்டும் மையம் பிசகாமல் ஒட்டுவது வல்லுநர் வேலை. டிரிட்டியம் ஒளிரும் ஸ்கோப்புகளைப் பொறுத்தவரை பேச்சே இல்லை. 12.3 ஆண்டு அரை ஆயுள் கொண்ட அந்தக் கதிரியக்க வாயு மெல்லிய கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. ஒளி மங்கினாலும் உடைந்தாலும் அதை வீட்டில் திறக்கக் கூடாது.

இந்திய வாசகருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். வேட்டைக்கான ஸ்கோப் இங்கே பேச்சுக்கு இடமில்லாதது. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளிலும் தொலைநோக்கி வகைக் குறிகாட்டிக்கு அனுமதி இல்லை. ஆகவே இங்கே ஸ்கோப் மாட்டுபவர்களில் பலர் காற்றுத் துப்பாக்கியால் இலக்கு சுடுபவர்கள். வில் சுருளால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி சத்தம் குறைந்தது, சாதுவானது என்று தோன்றும். ஸ்கோப்பைப் பொறுத்தவரை அது மிகக் கொடுமையான வாகனம். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. பிஸ்டன் சிலிண்டரின் முனையில் வந்து நிற்கும்போது துப்பாக்கி முன்னே இழுக்கப்படுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப்புகளில் பல, ஒரே திசை உதைப்புக்கு மட்டும் தாங்குமாறு அமைந்தவை. பெரிய துப்பாக்கியின் மேல் பல ஆண்டுகள் நின்ற ஸ்கோப் இதன் மேல் சில மாதங்களில் உள்ளே குலைந்துவிடக்கூடும். வாங்கும்போதே வில் வகைக் காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதும், ஸ்கோப் பின்னோக்கி நழுவாதிருக்க மவுண்டில் தடுப்பு ஊசி வைப்பதும் பின்னால் வரும் எந்தப் பழுதுபார்ப்பையும்விட மேலானவை. பறவை பார்ப்போரின் பைனாகுலருக்கும் இக்கட்டுரையில் சொன்ன வாயு, பூச்சு, பூஞ்சை மூன்றும் அப்படியே பொருந்தும்.

ஆகவே ஸ்கோப் வாங்கப் போகும் வாசகருக்கு என் வேண்டுகோள் இதுதான்: எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று கேட்பதற்கு முன்னால், இது கெட்டால் இந்தியாவில் எந்த ஊரில், யார் திறந்து, உலர்ந்த வாயு நிரப்பி, மூடித் தருவார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். எழுத்தில் பதில் தருபவரிடம் வாங்குங்கள். வாங்கிய அன்றே ஒரு டார்க் சாவியும் ரப்பர் ஊதியும் சிலிக்கா ஜெல் டப்பாவும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.